மூன்று பேர், ஒரு அடுப்பு

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பவள் நான். "இவ கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுல்ல பெறந்திருக்கா" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அடுப்படிக்குள் அவள் என்னை விட்டதே இல்லை. பால் பொங்கும்வரை நிற்கப் பொறுமை இல்லாதவளிடம் உலையை எப்படி விடுவது? நானும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. வெந்நீர் வைப்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாமலே கல்லூரியில் கடைசி ஆண்டு வரை வந்துவிட்டேன்.

அந்த ஆண்டு தொடங்கிய நேரத்தில் விடுதியின் ஒரு பக்கத்துக் கூரை பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளை, பகல் நேரம். அறையில் யாரும் இல்லை. பழுது பார்த்து முடிக்கிறவரை வெளியே தங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ராமநாதபுரத்தைச் சுற்றி இருந்தவர்கள் பஸ்ஸில் வந்துபோக ஆரம்பித்தார்கள். என் ஊர் திருவாடானைக்கும் மேற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி வயல் வழியாக நடக்கிற தூரத்தில் இருக்கிறது. தினமும் போய் வர ஏலாது. "அப்ப வீட்டுல இருந்தே எழுதிக்க வேண்டியதுதான்" என்று அம்மா ஆரம்பித்தாள். அவள் அடுத்த வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் அறை தேடக் கிளம்பிவிட்டேன்.

என்னோடு இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருத்தி புதுமடம். அவளுடைய வாப்பா துபாயில் ஒரு கடையில் வேலை பார்த்தார். இன்னொருத்தி திருப்பாலைக்குடி. அவள் அப்பா வல்லம் என்கிற சொந்த நாட்டுப்படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். வகுப்பில் நாங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வோம். அதனால் இங்கேயும் அவர்கள் புதுமடத்துக்காரி, பாலைக்குடிக்காரி என்றே இருக்கட்டும்.

கிடைத்தது ஒரு மாடி அறை. அதை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சின்னத் தடுப்பு; அதற்குள் ஒரு கடப்பைக்கல் மேடை. அதுதான் சமையலறை. கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"மீன் ஆக்குங்க, கறி ஆக்குங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன். கருவாடு மட்டும் வறுக்காதீக. எனக்குத் தலை வலிக்கும்."

பாலைக்குடிக்காரி தன் பையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலம் அதற்குள்தான் இருந்தது.

மேலேயே பர்னர் பொருத்திய சின்ன சிலிண்டர் ஒன்று, ஒரு குக்கர், ஒரு இரும்புச் சட்டி. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர். இவ்வளவுதான் எங்கள் சாமான். முதல் நாள் பருப்புச் சாதம் என்று முடிவானது. அது எல்லாவற்றிலும் சுலபம் என்று மூன்று பேருமே நினைத்தோம். குழாயில் தண்ணீர் பிடித்தோம், பருப்பைப் போட்டோம், மஞ்சள்தூள் போட்டோம். விசில் வந்தது. திறந்தால் பருப்பு போட்டபடியே கிடந்தது. மறுபடி மூடினோம். மறுபடி விசில். விரலில் எடுத்து நசுக்கினால் கூழாங்கல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பழைய பருப்பக் குடுத்து ஏமாத்திட்டான் கடைக்காரன்" என்றேன் நான். சண்டை போடப் படியிறங்கப் போனவளைப் புதுமடத்துக்காரி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கடைக்காரன் என்னடி பண்ணுவான்? நீ எந்தத் தண்ணி ஊத்துன?"

"குழாத் தண்ணி."

"அது போர் தண்ணி. வாயில வச்சுப் பாரு, உப்புக் கரிக்கும். அதுல விடிய விடிய வச்சாலும் பருப்பு வேகாது. குடிக்கிற தண்ணி ஊத்தணும்."

குடிக்கிற தண்ணீர் தள்ளுவண்டியில் குடம் குடமாக வரும். அன்றைக்கு வண்டி போய்விட்டிருந்தது. வேகாத பருப்பைச் சோற்றில் பிசைந்து, கடித்துக் கடித்துத் தின்றோம். நான் வழக்கம்போல் மொட்டை மாடியில் நடந்துகொண்டே தின்றேன். கீழே துணி எடுக்க வந்த வீட்டுக்காரம்மா அண்ணாந்து பார்த்து, "என்ன ஆத்தா, வேண்டுதலா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஆளுக்கு ஒன்று கொண்டுவருவோம். எங்கள் வயல் நெல்லை ஆலையில் அரைக்கும்போது விழுகிற நொய்யரிசியை அய்யா, அதாவது என் அப்பா, பையில் கட்டித் தருவார். கூடவே எங்கள் பக்கத்துக் குண்டு மிளகாய். புதுமடத்துக்காரி வீட்டுத் தோப்பில் தேங்காய்க்குப் பஞ்சமே இல்லை. பாலைக்குடிக்காரி கருவாட்டுக்குப் பதிலாகப் பச்சை நண்டும் மீனும் கொண்டுவர ஆரம்பித்தாள். அதனால் கடையில் வாங்க வேண்டியது குறைந்துபோனது. தக்காளி, வெங்காயம், முட்டை, ஒரு கொத்துக் கறிவேப்பிலை. இதை வைத்துக்கொண்டே வாரம் ஓடும்.

தக்காளி மலிந்த நாளில் தக்காளிச் சாதம். எல்லாவற்றையும் குக்கரிலேயே வதக்கி அரிசியைக் கொட்டி மூடிவிட்டால் குளித்துவிட்டு வருவதற்குள் தயார். தக்காளி விலை ஏறிவிட்டால் புளியைக் கரைத்து, மிளகாயைச் சுட்டுக் கிள்ளிப்போட்டு, சின்ன வெங்காயத்தை நசுக்கிப்போட்டுப் பச்சைப் புளிரசம். அடுப்பே தேவையில்லை. முட்டையை அவித்து வீணாக்காமல் குழம்பு கொதிக்கும்போது அதிலேயே உடைத்து ஊற்றிவிடுவோம். ஆளுக்கு ஒன்று மஞ்சள் கலையாமல் கிடக்கும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் தேங்காய்த் துவையலோடு முடிந்துவிடும். கல்லூரியில் எங்கள் டப்பாவைத் திறந்தால் நாலு பேர் கையை நீட்டுகிற அளவுக்கு வந்துவிட்டோம்.

இதில் நான் மட்டும்தான் சரியில்லை. மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். தோசையைப் புரட்டிப் புரட்டிக் கிழிப்பேன். வெங்காயம் வதங்குகிறவரை பொறுக்காமல் தக்காளியைக் கொட்டுவேன். அந்த ஆண்டு எனக்கு உள்ளுக்குள்ளும் அதே நிலைதான். படிப்பு முடிந்தால் என்ன? ஊருக்குத் திரும்பினால் மறுபடி வெளியே வர முடியுமா? அம்மா போனில் பேசும்போதெல்லாம் யாரோ வந்து விசாரித்துவிட்டுப் போனதாகச் சொன்னாள். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடாது. எழுந்துபோய் எதையாவது நறுக்க ஆரம்பித்துவிடுவேன்.

"இவளுக்குப் பயம் வந்தா வெங்காயத்துக்குக் கேடு" என்பாள் பாலைக்குடிக்காரி. அவள் எங்களில் நிதானமானவள். பேச்சும் குறைவு. மீனைக் கழுவினாலும் கணக்குப் போட்டாலும் ஒரே வேகம். அவள் பக்கத்தில் இருந்தால் என் கைகூடக் கொஞ்சம் அடங்கும்.

கடைசி செமஸ்டர் தேர்வு நெருங்கியபோது நோன்பு மாதம் பிறந்தது. புதுமடத்துக்காரி விடியுமுன் எழுந்து, எங்களை எழுப்பாமல், இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு நோன்பு வைத்தாள். அன்று சாயங்காலம் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"வேற ஒண்ணும் சாப்பிடலையா?" என்றேன்.

"எங்க வீட்டுல இந்நேரம் கஞ்சி இருக்கும்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளே நான் அவள் உம்மாவுக்குப் போன் போட்டேன். அந்தம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

"நீ காய்ச்சப் போறியா புள்ள? கறி எல்லாம் வேணாம். நொய்யரிசி இருக்கா? அது கெடச்சாப் போதும். கொஞ்சம் பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு நெறயா. வெங்காயம் தக்காளிய நல்லா வதக்கிக்க, இஞ்சி பூண்டு போடு, பட்டை ஒண்ணு. கடேசில தேங்காப்பால். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. கிண்டிக்கிட்டே இருக்கணும். கைய விட்டா அடிப்பிடிச்சுரும்."

கிண்டிக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு சமையல். எனக்கென்றே யாரோ சொல்லிவைத்த மாதிரி இருந்தது. மூடியைத் திறக்காதே என்று யாரும் அதட்டவில்லை. கரண்டியை எடுக்காதே என்று யாரும் பிடுங்கவில்லை. அன்றைக்கு வைத்த கஞ்சி கொஞ்சம் தண்ணீராக இருந்தது. ஆனாலும் புதுமடத்துக்காரி இரண்டு டம்ளர் குடித்தாள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் கஞ்சி என் பொறுப்பு ஆனது. எங்கள் இரண்டு பேருக்கும் அதுவே ராத்திரிச் சாப்பாடு.

தேர்வுகள் ஒவ்வொன்றாக ஓடின. இன்னும் இரண்டு தாள் மிச்சம். அன்று தேர்வு இல்லாத நாள். மத்தியானம் மூன்று பேரும் படித்துக்கொண்டிருந்தோம். அதாவது அவர்கள் இரண்டு பேரும் படித்தார்கள், நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பாலைக்குடிக்காரியின் போன் அடித்தது. அவள் அம்மா. எடுத்து, "ம்" என்றாள். பிறகு "எப்ப போனாக?" என்றாள். போனை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"அப்பாவும் மாமாவும் நேத்து சாயந்தரம் தொழிலுக்குப் போனாகளாம். காலையில வந்திருக்கணும். இன்னும் கரைக்கு வரல."

அவள் அப்பாவும் அம்மாவின் தம்பியும் இரண்டே பேர் அந்த வல்லத்தில் போவார்கள். நண்டு வலை விட்டுவிட்டு விடிகாலையில் அதை இழுத்து எடுத்துக்கொண்டு திரும்புவதுதான் வழக்கம். கூடப் போன மற்ற வல்லங்கள் எல்லாம் வந்துவிட்டன. அதில் ஒருத்தர், இருட்டுக்குள் அவர்கள் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைத் தூரத்திலிருந்து பார்த்ததாகச் சொன்னாராம். காற்றும் கரையை விட்டு ஆழக்கடல் பக்கம் தள்ளுகிற காற்று. ஊரிலிருந்து நாலைந்து வல்லங்கள் தேடப் போயிருக்கின்றன.

"போன் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டாள் புதுமடத்துக்காரி.

"அம்மா போட்டுக்கிட்டேதான் இருக்காம். போகல."

"நீ கெளம்பு. நாங்களும் வாரோம்" என்றேன்.

"அம்மா வரக்கூடாதுன்னு சொல்லிருச்சு. நாளைக்குப் பரீச்சை. நீ வந்து கடலையா எறைக்கப் போற, இருந்து எழுதுன்னு சொல்லுது." அவள் புத்தகத்தை மறுபடி எடுத்து விரித்தாள். பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுப்பைப் பற்றவைத்தேன். ரசம் வைத்தேன். அவள் வேண்டாம் என்றாள். முட்டை பொரித்தேன். வேண்டாம் என்றாள். கஞ்சியைக் கொஞ்சம் சீக்கிரமே ஏற்றிக் கிண்ட ஆரம்பித்தேன். கரண்டி சட்டியில் இடித்துக்கொண்டே இருந்தது. தட்டை எடுத்து வைத்தேன், தண்ணீர் எடுத்து வைத்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன்.

"ஏ, சும்மா இருடி!" அவள் கத்தினாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் அதுவரை கேட்டதில்லை. "ஒரு எடத்துல உக்காரு. நீ நடக்க நடக்க எனக்குப் பயந்தான் கூடுது."

உட்கார்ந்தேன். புதுமடத்துக்காரி எழுந்து அடுப்பை அணைத்துவிட்டுத் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள். அவர்களுக்காகத் துஆ கேட்டு வேண்டுகிறாள் என்று தெரிந்தது. பாங்கு சொன்னபோது மூன்று பேரும் ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் குடித்தோம். கஞ்சி ஆறி ஆடை படிந்தது. அன்று ராத்திரி யாரும் சரியாகத் தூங்கவில்லை.

காலையில் அவள் அம்மாவிடமிருந்து வந்த செய்தியும் அதேதான். தேடப் போனவர்கள் பார்க்கவில்லை, மறுபடி போயிருக்கிறார்கள். கோட்டைப்பட்டினம் பக்கத்து ஆட்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் கல்லூரிக்குப் போனோம். தேர்வு அறையில் எனக்கு இரண்டு வரிசைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். வினாத்தாள் கொடுத்ததும் தலையைக் குனிந்து எழுதுவது தெரிந்தது. அப்பாடா என்று நானும் எழுத ஆரம்பித்தேன். அரை மணி கழிந்தால்தான் வெளியே விடுவார்கள். அந்த மணி அடித்ததும் அவள் எழுந்தாள். விடைத்தாளை மேசையில் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

எனக்குப் பேனா ஓடவில்லை. தெரிந்த இரண்டு பெரிய கேள்விகளை, பாஸாகிற அளவுக்கு வரும் என்று தோன்றியவரை, கோணல்மாணலாக எழுதிக் கட்டிக் கொடுத்துவிட்டு ஓடினேன். அவள் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள்.

"எங்க போற?"

"தெரியல. உள்ள இருக்க முடியல."

"ஊருக்குப் போவோம். வா."

"அம்மா வையும்."

"வைஞ்சா வையட்டும். என்னையச் சேத்து வையட்டும்."

அதற்குள் புதுமடத்துக்காரியும் வந்துவிட்டாள். அவள் முழுவதும் எழுதினாளா என்று நாங்கள் கேட்கவில்லை. அறைக்குப் போய்ப் பையை எடுத்தோம். அவர்கள் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது நான் நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பட்டை, பூண்டு, இருந்த இரண்டு தேங்காய், வெங்காயம், தக்காளி எல்லாவற்றையும் ஒரு சாக்குப்பையில் போட்டுக் கட்டினேன்.

"இதெல்லாம் எதுக்குடி?" என்றாள் பாலைக்குடிக்காரி.

"தெரியல" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

தொண்டி பஸ்ஸில் மூன்று பேருக்கும் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தது. நான் உட்காரவில்லை. தேவிபட்டினம் தாண்டும்வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வலப்பக்கம் கருவேலங்காட்டுக்கு இடையில் கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் வீடு கரையிலிருந்து கூப்பிடு தூரம். கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. அடுப்பு மேல் ஒரு பாத்திரம்கூட இல்லை. அம்மா கரையில் இருந்தார். சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் வைவார் என்று நினைத்தேன். அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். "வந்துட்டியா" என்றார். பக்கத்தில் மணலைத் தட்டினார். அவள் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்து வீட்டுக்கார அம்மா ஒருவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நேத்து காலையில குடிச்ச காப்பித்தண்ணிதான் அவளுக்கு. பச்சத்தண்ணி பல்லுல படல. நாங்க கொண்டாந்து குடுத்தாலும் வேணாங்குறா."

என்னால் மணலில் உட்கார முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். கடலைப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் வல்லம் மாதிரித் தெரிந்தது. இரண்டு தடவை "அந்தா" என்று கையை நீட்டிவிட்டேன். புதுமடத்துக்காரி என் கையைச் சுரண்டினாள். "வா, உள்ள போவோம். இங்கன நின்னு நீ எல்லாரையும் பயங்காட்டிருவ."

வீட்டில் கேஸ் தீர்ந்திருந்தது. கொல்லையில் மூன்று கல் வைத்த அடுப்பு இருந்தது. சீமைக்கருவை விறகும் அடுக்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டில் பெரிய பானை ஒன்று வாங்கினோம். விறகு அடுப்பு என் அம்மா எரித்து நான் பார்த்ததுதான். புகை கண்ணை அடைத்தது. புதுமடத்துக்காரி நோன்போடு, வெயிலில், உட்கார்ந்து பூண்டு உரித்தாள். வெங்காயத்தை வதக்கும்போது நான் அவசரப்பட்டுத் தக்காளியை எடுக்க, "இன்னும் செவக்கல. பொறு" என்று தடுத்தாள். வாசனையை வைத்தே அவள் எல்லாம் சொன்னாள். வெந்தயம் போடு, தண்ணி ஊத்து, தீயை இழு.

"உப்பு?" என்றேன்.

"நான் எப்படிடி பாப்பேன்? நாக்குல வச்சுட்டுத் துப்பிரலாம்னு சொல்வாக. எனக்கு மனசு ஒப்பாது. நீயே பாரு."

ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நாக்கு செத்துக் கிடந்தது. குத்துமதிப்பாக ஒரு கை போட்டேன். பிறகு கரண்டியைப் பிடித்துக் கிண்ட ஆரம்பித்தேன். நின்றுகொண்டு, குனிந்து, உட்கார்ந்து, கை மாற்றி மாற்றி. நொய் மலர்ந்து குழைந்து வந்தது. கரையிலிருந்து ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று காது அங்கேயே இருந்தது. நிறுத்தினால் ஓடிப்போய்ப் பார்க்கத் தோன்றும். நிறுத்தவில்லை.

தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டிருந்தபோது கரையில் ஒரே இரைச்சல். கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. இது அழுகையா, வேறா என்று புரியவில்லை. புதுமடத்துக்காரி எழுந்தவள் அப்படியே நின்றாள். அந்தப் பக்கத்து வீட்டம்மாவே சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சந்துக்குள் ஓடிவந்தார்.

"கெடச்சுட்டாக ஆத்தா! ரெண்டு பேரும் இருக்காக! வெளியூருக்காரப் படகு கயிறு கட்டி இழுத்துத் தொண்டியில கொண்டாந்து விட்டுருக்காம். போனுல பேசிட்டாக!"

நான் ஓடவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். புதுமடத்துக்காரி, "கஞ்சி, கஞ்சி" என்று கத்திக்கொண்டே விறகை வெளியே இழுத்தாள்.

அவர்கள் வந்துசேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு சரக்கு ஆட்டோ வீட்டு வாசல் வரை வந்தது. முதலில் மாமா இறங்கினார். பிறகு அவள் அப்பா. உதடு வெடித்திருந்தது. சட்டையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் அம்மா மட்டும் கிட்டே போகாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன எங்க போட்டீக?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"தண்ணி ஏறிப்போச்சு. இன்ஜினைக் கழத்தையில நனைஞ்சிருச்சு."

"அந்த இன்ஜின மாத்துங்க மாத்துங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன்?"

"மாத்துவோம்."

"மாத்துவாக." அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது.

அதே நேரத்தில் ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். புதுமடத்துக்காரி கொல்லைப்புறம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பானையைத் திறந்தாள். டம்ளர், கிண்ணம், சொம்பு என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் ஊற்றினோம். முதல் கிண்ணத்தைப் பாலைக்குடிக்காரி தன் அப்பாவிடம் கொண்டுபோனாள். அவர் சூடு பாராமல் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார்.

"யாரு ஆக்குன கஞ்சி?"

"இவதான்" என்று என்னைக் காட்டினாள்.

"நல்லாருக்கு ஆத்தா. உப்புதான் கொஞ்சம் காணாது."

"கடல்ல குடிச்ச உப்பு பத்தலையாக்கும்!" என்றார் அவள் அம்மா.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. பாலைக்குடிக்காரி சிரிக்க ஆரம்பித்து, அது நிற்காமல் அழுகையாக மாறி, அப்பாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் ஒரு கையால் கிண்ணத்தையும் ஒரு கையால் அவள் தலையையும் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அம்மாவும் கடைசியில் ஒரு டம்ளர் எடுத்துக் குடித்தார். மாமா மூன்று தடவை வாங்கிக் குடித்துவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டார். பானையை வழித்துவிட்டார்கள். அடியில் லேசாகப் பிடித்திருந்த காந்தலையும் சுரண்டித் தின்றார்கள்.

கஞ்சி குடித்துக்கொண்டே அவள் அப்பா நடந்ததைச் சொன்னார். இரண்டு நாளும், கொண்டுபோன சோற்றுத் தூக்கில் ஒரு கை சோற்றை மிச்சம் வைத்துக்கொண்டே வந்தார்களாம். "தின்னுட்டா முடிஞ்சு போச்சேன்னு இந்தா தூங்குற மாப்ள தொட விடல. கடேசில அது புளிச்சு நுரைச்சுப் போச்சு. அப்பயும் தின்னோம்." நீவாடு அவர்களை இழுத்த இழுப்பில் ஒரு பகல் முழுக்கக் கரையே தெரியவில்லை என்றார். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் கை கிண்ணத்தை இறுக்கியது.

மறுநாள் விடிந்ததும் நாங்கள் ராமநாதபுரம் திரும்பினோம். மிச்சம் இருந்த ஒரு தாளை மூன்று பேரும் எழுதினோம். பாதியில் எழுந்து வந்த தாளில் பாலைக்குடிக்காரிக்குப் போய்விட்டது. எனக்கு மயிரிழையில் தப்பியது. அவள் அதை அடுத்த முறை எழுதித் தேறினாள். என் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது முழுவதையும் கேட்டுவிட்டு, "விறகு அடுப்புலயா? நீயா?" என்று மட்டும் கேட்டாள். நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது. கல்யாணப் பேச்சு நின்றுவிடவில்லை. ஆனால் வேலைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று நான் சொன்னபோது, "தனியா ஆக்கித் திங்கத் தெரியுமா?" என்று அவள் கேட்கவில்லை.

பாலைக்குடிக்காரியின் அப்பா அந்த வாரமே மறுபடி கடலுக்குப் போனார். இன்ஜின் புதிது இல்லை. அதே பழையதைச் சரிசெய்தார்கள். செய்முறைத் தேர்வு மிச்சம் இருந்ததால் நாங்கள் இன்னும் சில வாரம் அந்த மாடி அறையில் இருந்தோம். காலையில் எழுந்ததும் பாலைக்குடிக்காரி போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். முன்பெல்லாம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தவள், இப்போது இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தாள். நானும் புதுமடத்துக்காரியும் அடுப்படியில், வெங்காயம் நறுக்கி, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, அடுப்பைப் பற்றவைக்காமல் காத்திருப்போம். "அப்பா வந்துட்டாகளா? சரிம்மா, வச்சிர்றேன்" என்று அவள் குரல் கேட்கும். அதற்குப் பிறகுதான் நான் தீக்குச்சியை உரசுவேன்.